கிரெண்டி

கிரெண்டி என்பது மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவின் தென்மேற்குக் கரையை ஒட்டி அமைந்த ஒரு சிற்றூர் ஆகும். இதன் எல்லைக்குள் உள்ள ஹஜர் கிம், இம்னைத்ரா என்னும் இரு பெருங்கற்காலக் கோயில்களால் இவ்வூர் உலகளவில் அறியப்படுகிறது. 1992-ல் இவை யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கோயில்கள்

இக்கோயில்கள் கி.மு. 3600-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தொடக்கக் கட்டடங்கள் எகிப்தின் பெரிய பிரமிடை விடப் பல நூற்றாண்டுகள் பழமையானவை. உலோகக் கருவிகள் இல்லாத மக்கள் இவற்றைக் கட்டினர். ஹஜர் கிம் கோயிலின் வெளிச்சுவரில் 6 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரே கல் நிறுத்தப்பட்டுள்ளது. இங்கு 1839-ல் அகழாய்வு தொடங்கியது. கிடைத்த பருத்த உடல் கொண்ட சிலைகள் தலைநகர் வலெட்டாவின் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அங்கிருந்து சுமார் 500 மீட்டர் சரிவில் இறங்கினால் இம்னைத்ராவை அடையலாம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களில், உதிக்கும் சூரியனின் ஒளி இதன் கீழ்க்கோயில் வாயில் வழியாக நேராக உள்ளே விழுகிறது.

பிற இடங்கள்

கோயில்களுக்கு அருகில் 1659-ல் கட்டப்பட்ட ஹம்ரிஜா காவற்கோபுரம் உள்ளது. எதிரே கடலில் தெரியும் பில்ப்லா தீவு, 1971 வரை பிரித்தானியப் படையினரின் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இலக்காக இருந்தது. இப்போது அது இயற்கைக் காப்பகம். ஊரையொட்டி, நிலம் உள்வாங்கியதால் உருவான மக்லுபா பெரும்பள்ளம் காணப்படுகிறது.

பாதுகாப்பு

ஹஜர் கிம் பெரும்பாலும் மென்மையான சுண்ணக்கல்லால் ஆனது. எளிதில் செதுக்க இடம் கொடுத்த அதே மென்மையே இன்று அதன் பலவீனம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு கல்லின் துளைகளுக்குள் புகுந்து, உலரும்போது படிகமாகி, மேற்பரப்பை உதிரச் செய்கிறது. மண்ணுக்கடியில் இருந்தவரை காற்றும் மழையும் கற்களை அதிகம் தாக்கவில்லை; அகழ்ந்தெடுத்த பின்னர் சிதைவு விரைவானது. இம்னைத்ராவின் வெளிச்சுவர்கள் கடினமான பவளச் சுண்ணக்கல்லால் ஆனதால் அதிகம் தேயவில்லை. ஆனால் 2001-ல் விசமிகள் அங்கு சுமார் 60 கற்களைச் சாய்த்துச் சேதப்படுத்தினர்.

2009-ல் இரு கோயில்களின் மீதும் கூடார வடிவக் கூரைகள் அமைக்கப்பட்டன. இவை வெயிலையும் மழையையும் குறைக்கின்றன; தேவைப்பட்டால் அகற்றவும் முடியும். திறந்த வானின் கீழ் கோயில்கள் நின்ற பழைய தோற்றம் இதனால் மறைந்தது. ஆயினும் கூரையின் பக்கங்கள் திறந்திருப்பதால், இம்னைத்ராவில் காலைச் சூரிய ஒளி இன்றும் வாயில் வழியே நுழைகிறது.