கொழுவுக்குச் சதுரத் துளை: வீட்டிலேயே போடலாம்

ஒன்பது கொழு கலப்பையில் ஒரே ஒரு கொழு ஆடினாலும் அந்தச் சாலில் ஆழம் குறையும், கோரை தப்பிவிடும். கோடை மழைக்குப் பின் மானாவாரி நிலம் ஒன்றைப் பார்க்கப் போனபோது இதைத்தான் கண்டேன். நட்டை இறுக்க இறுக்க போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. ஈரம் இரண்டு நாளில் போய்விடும் என்று விவசாயிக்குக் கவலை. கழற்றிப் பார்த்தால், லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த மாற்றுக் கொழு. துளைகள் இரண்டும் வட்டம்!

கொழு போல்ட்டின் தலைக்குக் கீழே கழுத்து சதுரமாக இருக்கும். சதுரத் துளையில் அது உட்கார்ந்துவிட்டால் போல்ட் சுற்றாது. பின்பக்கம் நட்டை மட்டும் திருகினால் போதும். சிலர் போல்ட் தலையில் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். மரை தேய்ந்தால் பிறகு கிரைண்டரில்தான் அறுத்தெடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் பட்டையில் அப்படியே துளையிட்டால் டிரில் பிட் மழுங்கிவிடும். பட்டையைச் சிவக்கப் பழுக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் ஆறவிடுங்கள், இளகிவிடும். மறுநாள் 10 மி.மீ. கழுத்துக்கு 10 மி.மீ. சதுரம் கீறி, நான்கு மூலைகளிலும் கோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளி 2.5 மி.மீ. துளைகள் போடவும். அதன் பிறகே நடுவில் 9 மி.மீ. துளை. வரிசையை மாற்றினால் சிறிய பிட் பெரிய துளைக்குள் வழுக்கி ஒடியும். பட்டையைக் கையால் பிடித்துத் துளையிடவே கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் பட்டை சுழன்று விரலை வெட்டிவிடும்; வைஸில் இறுக்குங்கள், கண்ணாடி அணியுங்கள்.

மீதியைச் சதுர அரத்தால் ராவ வேண்டும். நான்கு பக்கமும் மாறி மாறி ராவி, அடிக்கடி போல்ட்டை நுழைத்துப் பாருங்கள். பொறுமை இழந்து ஒரேயடியாக ராவினால் துளை பெரிதாகிவிடும். 10 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் சுமார் 14 மி.மீ.; துளை அந்த அகலத்துக்குப் போனால் கழுத்து தாராளமாகச் சுற்றும், உழைப்பு வீண். மூலைகள் ஊசிபோல் கூராக வரவில்லையே என்று வருந்த வேண்டாம். கூர் மூலையில்தான் வெடிப்பு தொடங்கும்.

உலை வைத்திருக்கும் கொல்லர் பக்கத்தில் இருந்தால் அரமே தேவையில்லை. பழுத்த பட்டையில் சதுர முனைப் பஞ்சை ஒரு பக்கம் பாதிக்கு மேல் அடித்து இறக்குவார். திருப்பினால் கறுத்த புள்ளி தெரியும். அங்கே அடித்தால் துண்டு விழுந்துவிடும். என் கணக்கில் இதுவே சிறந்த வழி.

துளை முடிந்ததும் கொழுவின் நுனியை மட்டும் காந்தம் ஒட்டாத அளவு காய்ச்சி எண்ணெயில் தோய்க்கவும். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கலாம். எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் இரும்பு வாளியைத் திறந்தவெளியில் வையுங்கள். பிறகு நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நீலம் ஓடும்வரை இளஞ்சூடு காட்டவும். துளைப் பகுதி இளகியே இருக்கட்டும்.

அந்த விவசாயி மறுநாள் பிற்பகலிலேயே டிராக்டரை இறக்கிவிட்டார். நான்கு சால் ஓட்டியதும் நிறுத்தி நட்டை இன்னொரு முறை இறுக்கச் சொன்னேன். அரைச் சுற்று இறங்கியது.