குண்டலினியும் மூர்த்தந்ய நாடியும்

சுழுமுனை நாடியின் வாயிலை அடைத்து உறங்கும் சக்தியே குண்டலினி என்றும், முத்திரை, பந்தம், பிராணாயாமம் ஆகியவற்றால் சாதகன் அதனை எழுப்பவேண்டும் என்றும் ஹடயோக ப்ரதீபிகை முதலான நூல்கள் கூறும். பாஞ்சராத்ரத்திற்கும் இச்சொல் அந்நியமன்று. அஹிர்புத்ந்ய ஸம்ஹிதையின் 32-ஆம் அத்தியாயம், எட்டு முகங்களையுடைய குண்டலினி நாபிச்சக்கரத்தைச் சூழ்ந்து சுழுமுனையின் வாயிலை மறைத்திருப்பதாக உரைக்கிறது.

எனில், மோக்ஷதசையில் அவ்வாயிலைத் திறப்பவர் யாவர் என்பதே ஆராயத்தக்கது.

இதயத்தின் நாடிகள் 101 என்றும், அவற்றுள் தலையை நோக்கி மேலேறும் ஒன்றாலேயே அமிருதத்துவம் என்றும் கடோபநிஷத்தும் சாந்தோக்யமும் ஓதுகின்றன. அதுவே மூர்த்தந்ய நாடி. நாடிகளோ பல; மிக நுண்ணியவை. உயிர் பிரியும் வேளையில் சேதனன் அவ்வொன்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்தியாயம், இரண்டாம் பாதத்தில் இவ்வையத்திற்கு ஸமாதானம் உண்டு. வித்யையின் மஹிமையாலும், அதற்கு அங்கமான கதிசிந்தனையாலும் உகந்த ஹார்தன், அதாவது இதயத்தில் உறையும் எம்பெருமான், அனுக்ரஹிக்கிறான். அப்போது இதயத்தின் முனை ஒளிர்கிறது. அவ்வொளியில் நாடியின் வாயில் புலப்படுகிறது என்று ஸ்ரீபாஷ்யகாரர் நிர்வஹித்தருளினார்.

ஆகவே சேதனனின் முயற்சி எம்பெருமானுடைய உகப்புக்கு ஹேதுவாகலாம். வாயிலைத் திறப்பது அவனுடைய அனுக்ரஹமே. ப்ரபந்நனுக்கோ அந்திம ஸ்மிருதியும் பரமன்று; அவனை நினைக்கும் பொறுப்பையும் தானே ஏற்பதாக வராஹ சரம ச்லோகத்தில் எம்பெருமான் அருளியுள்ளான். யோகத்தை உபதேசித்த அதே ஸம்ஹிதை, 37-ஆம் அத்தியாயத்தில் சரணாகதியின் ஆறு அங்கங்களையும் விதித்திருப்பது இவ்விடத்தில் நோக்கத்தக்கது.