துன்பத்தை அளக்கும் வினாக்கள்

உடல் வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. ஆனால், முடக்குவாத நோயாளி ஒருவரால் தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள முடிகிறதா, வலியால் அவர் மனம் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்பனவற்றை எக்கருவியால் அளப்பது? இவற்றை அறிந்தவர் அந்நோயாளி ஒருவரே. ஆகவே அவரையே வினவி, அவர் தரும் விடைகளுக்கு எண் மதிப்பளித்துக் கணக்கிடும் முறையை மருத்துவ அறிஞர்கள் வகுத்தனர். இதற்கென அமைந்தவையே வாழ்க்கைத் தர வினாப்பட்டியல்கள்.

இவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, 1992-இல் அமெரிக்காவில் வெளியான 'எஸ்.எஃப்.-36'. இதில் 36 வினாக்கள் உள்ளன. உடல் இயக்கம், வலி, மனநலம் முதலிய 8 கூறுகளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கிடைக்கும். மதிப்பெண் கூடினால் நலம் கூடியிருக்கிறது என்று பொருள்.

இப்பட்டியலைப் பிரேசில் நாட்டில் பயன்படுத்த வேண்டுமென்று கொள்வோம். அங்கே 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழி போர்ச்சுக்கீசியம். மொழிபெயர்த்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஏன் என்று பார்ப்போம்.

சொல் மாறினால் போதுமா?

மேசையை நகர்த்துதல், தூசி உறிஞ்சும் கருவியைத் தள்ளுதல், பௌலிங் அல்லது கோல்ஃப் ஆடுதல் போன்ற செயல்கள் உங்களுக்குக் கடினமாக உள்ளனவா என்பது ஆங்கில மூலத்தின் வினாக்களுள் ஒன்று. கோல்ஃப் மட்டையைத் தொட்டே அறியாத ஒருவர் 'கடினம்' என்று விடையளித்தால், அதற்குக் காரணம் நோயா, பழக்கமின்மையா? பிரேசில் வடிவத்தில் அவ்விரு ஆட்டங்களுக்கும் பதிலாகப் பந்து விளையாடுதலும் வீடு பெருக்குதலும் இடம்பெற்றன.

மற்றொரு வினா மனச்சோர்வைப் பற்றியது. ஆங்கிலத்தில் நீல நிறத்தைக் குறிக்கும் சொல்லே துயரத்தையும் குறிக்கும். மூலத்தில் அச்சொல்தான் உள்ளது. பிரேசில் மக்களோ 'எல்லாம் நீலம்' என்றால் எல்லாம் நலம் என்று கொள்வர்! சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் பொருள் தலைகீழாகியிருக்கும். எனவே 'மனம் தளர்ந்து, சோர்ந்து' என்னும் பொருள் தரும் சொற்களை அமைத்தனர்.

மூலத்தில் 'ஒரு மைலுக்கு மேல் நடத்தல்' என்றிருப்பது பிரேசில் வடிவத்தில் 'ஒரு கிலோமீட்டருக்கு மேல்' என்றாயிற்று. ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் அல்லவா? அப்படியானால் வினா சற்று எளிதாகிவிட்டது. அளவுகோலின் ஒரு கோடு இடம் பெயர்ந்தது போன்றது இது. இவ்வாறு மாறிய அளவுகோலைப் புதிதாகச் சரிபார்க்காமல் பயன்படுத்தலாகாது.

சரிபார்க்கும் முறை

இதற்கான நெறிமுறைகள் 1993-இலும் பின்னர் 2000-இலும் வெளியாயின. முதலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, அவ்விரண்டும் ஒன்றாக்கப்படுகின்றன. பிறகு, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதனை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்க்கின்றனர். எங்கே பொருள் பிறழ்ந்தது என்பது அப்போது வெளிப்படும். மருத்துவர், மொழி வல்லுநர் முதலியோர் அடங்கிய குழு அதனைத் திருத்துகிறது. இறுதியாக, 30 அல்லது 40 பேரிடம் வினவி, ஒவ்வொரு வினாவையும் அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று அறிகின்றனர்.

அடுத்து எண்களின் சோதனை. ஒரே பொருளைத் தராசில் பலமுறை நிறுத்தாலும் ஒரே எடை வரவேண்டும். அதுபோல, நிலைமை மாறாத நோயாளியைச் சில நாள் கழித்து மீண்டும் கேட்டாலும், வேறொருவர் கேட்டாலும், மதிப்பெண் பெரிதும் மாறக்கூடாது. இது நம்பகத்தன்மை. ஒரே கூறைச் சேர்ந்த வினாக்கள் ஒன்றோடொன்று இசைந்துள்ளனவா என்று காண, 1951-இல் குரோன்பாக் தந்த 'ஆல்ஃபா' என்னும் கெழு பயன்படுகிறது. அது 0.7-க்குக் குறையாதிருத்தல் நன்று என்பர்.

ஆனால் பூச்சியப் பிழையுள்ள தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே தவறான எடையைக் காட்டக்கூடும் அல்லவா? எனவே, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, வலியின் அளவு போன்ற பிற அளவீடுகளோடு மதிப்பெண் பொருந்துகிறதா? நலமுள்ளோரையும் நோயுற்றோரையும் பிரித்துக் காட்டுகிறதா? இது ஏற்புடைமை.

ரோசானா சிகோனெலியும் உடனாய்வாளர்களும் முடக்குவாத நோயாளிகள் 50 பேரிடம் எஸ்.எஃப்.-36-ஐ இவ்வாறு சோதித்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். உலகச் சுகாதார நிறுவனமும் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கியது. தொடக்கத்திலேயே அப்பணியில் பங்குகொண்ட 15 மையங்களுள் நம் சென்னையும் ஒன்று. அதன் 26 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவத்தைப் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் மார்செலோ ஃபிளெக் குழுவினர் 300 பேரிடம் சோதித்து, 2000-இல் வெளியிட்டனர்.

ஒரே மொழி, இரு வடிவங்கள்

பிரேசிலில் சரிபார்த்த பட்டியலைப் போர்ச்சுகலில் அப்படியே பயன்படுத்தலாமா? அங்கும் தயக்கம் உண்டு. 'பன்யெய்ரோ' என்னும் சொல் பிரேசிலில் குளியலறையைக் குறிக்கும். போர்ச்சுகலிலோ கடற்கரையில் குளிப்போரைக் காக்கும் காவலரைக் குறிக்கும். ஆதலால் போர்ச்சுகலுக்கென எஸ்.எஃப்.-36-இன் தனி வடிவம் ஒன்றைப் பெட்ரோ ஃபெரெய்ரா 2000-இல் வெளியிட்டார்.

இத்தனை உழைப்பு எதற்காக? புதிய மருந்து ஒன்றால் ஒரு பெண் மீண்டும் தன் வீட்டைப் பெருக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் கோல்ஃபைப் பற்றி மட்டும் கேட்டால், அவள் அடைந்த நலம் எண்ணில் ஏறாது. மருந்து பயனற்றது என்றுகூடத் தீர்ப்பாகிவிடலாம். எனவே, இத்தகைய ஆய்வுகளின் முடிவுகளைப் படிக்கும்போது, அவ்வினாப்பட்டியல் எந்த மக்களிடம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் நீங்கள் தேடிப் பார்த்தல் வேண்டும்.