பாயின் கீழ் எட்டடி விரியன்

சின்னம்மாவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மாரி தொடங்கிய நாட்கள். விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தவன் விடியப்புறம் வயிறு வலிக்குது என்று எழும்பினான். முதல்நாள் கலியாண வீட்டில் கண்டதையும் தின்றிருப்பான் என்று சின்னம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். சற்று நேரத்தில் கண்ணிமைகள் சரிந்தன, பேச்சும் குழறியது. "இவனுக்கு இன்னும் நித்திரை தெளியேல்லை" என்று நானும் சொன்னேன். பாயைச் சுருட்டப்போன அம்மம்மாதான் கத்தினார். கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்களுடன் எட்டடி விரியன்!

வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, இரண்டு நாள் செயற்கைச் சுவாசமும் கொடுத்தார்கள். தப்பினான். எங்கே கடித்தது என்று இன்றும் அவனுக்குத் தெரியாது.

சகோதரிகளே, பெயர்தான் எங்களை ஏமாற்றுகிறது. எட்டடி விரியன் (கட்டுவிரியன் என்பதும் இதுவே) கண்ணாடி விரியனின் இனமல்ல; நாகபாம்பின் குடும்பம். கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுக்கும். இது கடித்தால் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. விஷம் நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்தும்.

300க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. ஆபிரிக்காவில் மரத்தில் வாழும் பச்சை மாம்பா, அவுஸ்திரேலியாவின் தைப்பான் எல்லாம் உறவுகள். எங்கள் மீனவரின் வலையில் அகப்படும் கடற்பாம்புகளுந்தான். அவற்றின் வால் துடுப்புப் போலத் தட்டையானது. பெரும்பாலானவை கடலிலேயே குட்டி போடும். மூச்செடுக்க மேலே வரும். இலங்கையின் ஈரவலயக் காடுகளில், வேறெந்த நாட்டிலும் இல்லாத இன்னொரு கட்டுவிரியனும் உண்டு.

வீட்டுக்குள் வருவது எட்டடி விரியன். இரவில் இரை தேடும். பல்லி, எலி, மற்றப் பாம்புகள் அதன் உணவு. நித்திரையில் நாங்கள் புரளும்போது கடித்துவிடும். நிலத்தில் படுப்போரே அதிகம் அகப்படுகின்றனர். ஆகவே விடியலில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச்சரிவும் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராதீர்கள். கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. பிந்தினால் மருந்து ஏற்றியும் மூச்சு உடனே திரும்பாது.

சின்னம்மா வீட்டில் எல்லோருக்கும் கட்டில் வாங்க வசதியில்லை. நுளம்பு வலை வாங்கினார்கள். அதன் ஓரத்தைச் சுற்றிவரப் பாயின் கீழ் செருகிய பிறகுதான் அம்மம்மா விளக்கை அணைப்பார்.