ஜி.ஐ.எஸ். வரைபடத் தொழில்: காத்திருக்கும் காலத்தில் எப்படிப் பழகலாம்?

“வேலை செய்ய அனுமதியில்லை. பிறகு படிச்சு என்ன பிரயோசனம்?” பிரித்தானியாவில் தஞ்சம் கோரியிருக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அனுமதி வரும் நாளில் கையில் காட்ட ஏதாவது வைத்திருப்பவருக்கும், அன்றுதான் தொடங்குபவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதிகம் காசு செலவில்லாமல் இப்போதே பழகக்கூடிய தொழில்களில் ஒன்று ஜி.ஐ.எஸ்.

ஜி.ஐ.எஸ். என்றால் என்ன?

தமிழில் இதைப் புவியியல் தகவல் முறைமை என்பார்கள். இடம் சம்பந்தமான தகவல்களைக் கணனியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், இறப்பு நடந்த வீடுகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் ஒரே வரைபடத்தில் காட்டினார். பிரோட் வீதிப் பம்பைச் சுற்றியே இறப்புகள் கூடுதலாக இருந்தன. அன்று கையால் செய்ததை இன்று கணனியில் செய்கிறோம்.

இங்கே கவுன்சில்கள், தண்ணீர், மின்சாரக் கம்பனிகள், வெள்ள அபாயத்தைக் கவனிக்கும் சுற்றாடல் நிறுவனம் எல்லாம் இதைப் பயன்படுத்துகின்றன. ஊரில் நில அளவை, படம் வரைதல், சிவில் என்ஜினியரிங், கண்ணிவெடி அகற்றல் போன்ற வேலைகளில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இராது. எக்செல் மட்டும் தெரிந்தவரும் தொடங்கலாம்.

முதலில் சட்டம்

தஞ்சக் கோரிக்கை கொடுத்து 12 மாதமாகியும் முடிவு வராமல், தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இல்லாவிட்டால், வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் ஹோம் ஒபிஸ் குறித்துள்ள வேலைகளை மட்டுமே செய்யலாம். சுயதொழில் செய்ய முடியாது. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் உங்கள் சொலிசிற்றரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இந்தத் துறையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணையத்தில் “வீட்டிலிருந்தே வரைபடம் கீறிக் கொடுங்கள், ஒரு படத்துக்கு இவ்வளவு காசு” என்று வேலை வரும். கம்பனி வெளிநாட்டில் இருந்தாலும், காசு வேறொருவரின் கணக்குக்குப் போனாலும், இங்கிருந்து செய்தால் அது வேலைதான். அனுமதியில்லாமல் செய்தால் உங்கள் வழக்கையும் உதவித்தொகையையும் பாதிக்கலாம். தெரிந்தவர் கேட்டாலும் செய்யாதீர்கள்.

தொண்டு நிறுவனத்துக்கோ பொதுத்துறைக்கோ தொண்டராக உதவலாம். போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவை மட்டும் அவர்கள் திருப்பித் தரலாம். ஆனால் சம்பளத்துக்கு ஆள் எடுக்க வேண்டிய வேலையைச் சும்மா செய்து கொடுப்பது தொண்டு அல்ல.

படிப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. எனினும் உங்களுக்குத் தந்த பெயில் கடிதத்தில் படிப்புப் பற்றி ஏதும் நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். சாதாரண லப்டொப்பில் ஓடும். அதற்கான பயிற்சிக் கையேடும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. லப்டொப் இல்லையா? லைப்ரரிக் கணனிகளில் பொதுவாக மென்பொருள் ஏற்ற விடமாட்டார்கள். ஆனால் ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற, எல்லோரும் சேர்ந்து கீறும் உலக வரைபடத்தில் பிரவுசர் வழியாகவே பழகலாம். இது 2004இல் பிரித்தானியாவில் தொடங்கியது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, பல நாட்டுத் தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்து வீதிகளையும் கட்டடங்களையும் இதில் குறித்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2014இல் தொடங்கிய மிஸ்ஸிங் மப்ஸ் திட்டத்தில் புதியவர்களும் சேர்ந்து இப்படி வரையலாம். அனுபவமும் கிடைக்கும், நாலு பேரின் பழக்கமும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஓப்பன் ஸ்ட்ரீட் மப்பில் யார் எந்த இடத்தைத் திருத்தினார் என்பதை எவரும் பார்க்கலாம். சொந்தப் பெயரைப் பாவிக்காதீர்கள். ஆசையாக இருந்தாலும் சொந்த ஊரையும், அங்குள்ள முகாம்களையும் குறிப்பதைத் தவிருங்கள். உங்கள் வழக்கும் ஊரில் இருக்கும் குடும்பமும்தான் முக்கியம்.

மூன்று வரைபடம் செய்து வையுங்கள்

சான்றிதழைவிட, நீங்களே செய்த வேலை அதிகம் பேசும். உதாரணமாக:

1. உங்கள் கவுன்சில் பகுதிப் பாடசாலைகளையும், சுற்றாடல் நிறுவனம் இலவசமாகத் தரும் வெள்ள அபாயப் பகுதிகளையும் ஒன்றாக வைத்து, எத்தனை பாடசாலை அபாயத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

2. ஜி.பி. சர்ஜரிகளைச் சுற்றி 800 மீட்டர் வட்டம் போட்டு, எந்தத் தெருக்கள் வெளியே நிற்கின்றன என்று காட்டுங்கள்.

3. 2021 குடிசனக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு விடயத்தை எடுத்து வார்ட் வாரியாக நிறம் தீட்டுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் தரவு எங்கே எடுத்தது, என்ன செய்தது, என்ன தெரிந்தது என்று அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆங்கிலமும் அதோடு வளரும். ஜி.பி.எஸ். தரும் அட்சரேகை, தீர்க்கரேகை வேறு. பிரித்தானிய தேசிய வரைபடக் கட்டம் வேறு. இரண்டையும் சரியாக மாற்றாவிட்டால் ஏறத்தாழ 100 மீட்டர் பிசகிவிடும். நேர்முகத்தில் இதை விளக்கத் தெரிந்தால் நல்ல மதிப்பு.

கல்லூரியும் சான்றிதழும்

இங்கிலாந்தில் முடிவுக்காக 6 மாதத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் அரசு செலவில் சில கல்லூரிப் படிப்புகளில் சேர முடியும். ஆங்கிலம், கணிதம், கணனி ஆகியவற்றில் தொடங்குங்கள். பட்டப்படிப்புக்கு, தஞ்சம் கோரியவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் தரும் சாங்ச்சுவரி புலமைப்பரிசிலைத் தேடுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கும் கோர்சுகளுக்குக் கடன் வாங்காதீர்கள்.

அந்தஸ்து கிடைத்ததும்

அகதி அந்தஸ்து கிடைத்தால் எந்த வேலையும் செய்யலாம். ஜி.ஐ.எஸ். டெக்னிசியன், ஜி.ஐ.எஸ். அசிஸ்டன்ட், மப்பிங் டெக்னிசியன் என்ற பெயர்களில் தேடுங்கள். கவுன்சில்களில் முகவரிப் பதிவேடு பார்க்கும் வேலையும் நல்ல தொடக்கம். சம்பளத்தோடு பழகும் அப்ரண்டிஸ்சிப்பும் உண்டு. ஊரில் பெற்ற பட்டத்துக்கு யூ.கே. எனிக் மூலம் ஒப்பீட்டுச் சான்று எடுக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

சீ.வீ.யில் உண்மையை மட்டும் எழுதுங்கள். அதிலுள்ள திகதிகள் ஹோம் ஒபிசுக்குச் சொன்னதோடு ஒத்திருக்க வேண்டும். ஊரிலுள்ள பழைய முதலாளியிடம் கடிதம் கேட்குமுன், அதனால் அங்கே யாருக்கும் ஆபத்து வருமா என்று யோசியுங்கள். சந்தேகமிருந்தால் சொலிசிற்றரிடம் அல்லது எங்கள் ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.