பிறந்தநாளுக்கு ஒரு கூட்டாஞ்சோறு

திருநாவலூர்த் தெருவில் ஒரு சிறுவன் தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவ்வழியே வந்த சிற்றரசர் நரசிங்க முனையரையர் அவன் அழகில் மனம் பறிகொடுத்து, பெற்றோரான சடையனாரிடமும் இசைஞானியாரிடமும் கேட்டு அழைத்துப்போய்த் தம் பிள்ளையாகவே வளர்த்தார். தேவாரம் பாடிய சுந்தரரின் பிள்ளைப் பருவம் பற்றிப் பெரியபுராணம் சொல்லும் செய்தி இது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பெருமையே அந்தப் பிள்ளைதான்.

பையனுக்குத் தேர் என்றால், பெண் பிள்ளைக்கு? சோறு. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேர்ப் பருவத்தில் முடியும். பெண் பிள்ளைக்கோ சிற்றில் கட்டுவதையும் சிறுசோறு ஆக்குவதையும் விளையாட்டாக வைத்தார்கள். தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழி முழுக்கக் கோலத்தில் பூ வைத்த பெண் பிள்ளைகள், தை மாதத்தில் வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன்னே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

இந்தப் பாகுபாட்டை உடைத்த விளையாட்டு கூட்டாஞ்சோறு. ஒரு வீட்டிலிருந்து அரிசி, இன்னொரு வீட்டிலிருந்து பருப்பு, யாரோ ஒருவரின் கொல்லையிலிருந்து முருங்கைக்கீரை. மரத்தடியில் மூன்று கல் கூட்டி, பையனும் பெண்ணும் சேர்ந்தே பொங்கித் தின்றார்கள். அரை வேக்காட்டுச் சோற்றுக்கும் அடிதடி நடந்தது. சமைத்தவர்கள் அவர்கள் அல்லவா!

இன்றைக்குப் பிறந்தநாள் என்றால் பலூன், கேக், அரை மணி நேரப் படமெடுப்பு, பிரியாணிப் பொட்டலம். வந்த பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை ஏன் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடக் கூடாது? சமையலையே பிறந்தநாள் விழாவாக்கலாம் என்கிறேன். ஒரு நிபந்தனை உண்டு: பிள்ளைகள் சமைப்பதுதான் அன்றைய விருந்தாக இருக்க வேண்டும். படத்துக்காக ஒரு பூரி தேய்க்கவைத்துவிட்டு, சாப்பாட்டைக் கடையில் வாங்கினால் பிள்ளைக்கு அது உடனே புரிந்துவிடும்.

பிள்ளைகளை நம்பி உண்மையான வேலையைக் கொடுப்பது புதிய யோசனை அல்ல. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சின்னஞ்சிறு பிள்ளைகள் மேசை போட்டார்கள், சூப் பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள். போட்டால் உடையும் பாத்திரங்களையே நம்பிக் கொடுத்தார் அவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்து, நம் ஆசிரியர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

எட்டுப் பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் பெரியவர்களால் கண்காணிக்க முடியாது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். வரும்போது ஆளுக்கு ஒரு காய் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் துவரம்பருப்பு, கத்திரி, அவரை, முருங்கைக்கீரை, வாழைக்காய், கொஞ்சம் புளி. தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்த விழுது. தண்ணீர் ஒன்றுக்கு மூன்றரை. இவ்வளவுதான் கூட்டாஞ்சோறு. ஐந்து வயதுப் பிள்ளை கீரை ஆயும், அரிசி களையும். எட்டு வயதுப் பிள்ளை அவரை கிள்ளும், புளி கரைக்கும். பத்து வயதைத் தாண்டியவர்கள் பெரியவர் பக்கத்தில் நிற்க, சின்னக் கத்தியால் காய் நறுக்கலாம்.

சோறு வேகும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசிக்கும். அதற்கு அடுப்பில்லாத பண்டங்கள் இருக்கின்றன. நனைத்த அவலில் வெல்லமும் தேங்காய்த் துருவலும் பிசையலாம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை முன்பே வறுத்து ஆறவைத்துக் கொடுத்தால், தோலை ஊதிவிட்டு, வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடிப்பார்கள். பலாக் காலமென்றால் பண்ருட்டிப் பழத்தை வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கட்டும். அதுவே ஒரு மணி நேரக் கொண்டாட்டம். விருந்துக்குக் கல்வராயன் மலைச் சாமையில் பாயசம் வைத்தால் மலையில் என்ன விளைகிறது என்பதும் பேச்சில் வரும்.

பயந்து ஒதுங்க வேண்டாம், ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவும் கூடாது. தாளிப்பதும் கஞ்சி வடிப்பதும் குக்கர் திறப்பதும் பெரியவர் வேலை. பொரிக்கும் பண்டம் அன்று வேண்டாம். பட்டுப்பாவாடை, நைலான் துணி, விரித்த கூந்தல் அடுப்பருகே கூடாது. பருத்தி உடையே போதும். எந்தப் பிள்ளைக்காவது கடலையோ முந்திரியோ பாலோ ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுக் கடலை தரக் கூடாது, தொண்டையில் சிக்கும். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் மையும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பரிமாறும் வேலை பிறந்தநாள் பிள்ளைக்கு. வந்தவர்களுக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்துவிட்டுத்தான் அது உட்கார வேண்டும். சமைத்ததைத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். முடிந்ததும் இலை எடுப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் எல்லாருக்கும் பொது. இந்த இடத்தில்தான் நம் வீடுகள் வழுக்குகின்றன. பெண் பிள்ளைகள் கழுவப் போக, பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறார்கள், நாமோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். பசித்தால் தானே பொங்கிச் சாப்பிடத் தெரியாமல் வளரும் பையனை நாம் முழுதாக வளர்க்கவில்லை.

ஆகவே, அடுத்த பிறந்தநாளுக்குக் கேக் சொல்வதற்கு முன், உங்கள் மகனைக் கூப்பிட்டு, “உன் கூட்டாளிகளுக்கு நீ என்ன சமைச்சுப் போடப் போறே?” என்று கேளுங்கள். அவன் சொல்வதை எழுதிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போங்கள்.