யானை எடுத்த பிழையான பழம்

லண்டனின் வடமேற்கே உள்ள ஹரோவில், ஓர் ஆரம்பப் பாடசாலையில், ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு உதவும் ஆசிரியையாகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். குஜராத்தி, ருமேனியன், தமிழ் எனப் பல மொழிகள் புழங்கும் ஊர் இது. நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"ரீச்சர், எந்நேரமும் கதைப் புத்தகமும் படம் கீறுறதுமாக் கிடக்கு. இங்கிலீசு எப்பதான் படிப்பிப்பீங்கள்?"

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கிலம் கற்றபோது வாசிப்பு, இலக்கணம், சொல்வதெழுதல் எல்லாம் நேரசூசியில் தனித்தனியாகவே இருந்தன. இங்கே ஒரு கதையை ஒரு வாரமோ இரண்டு வாரமோ வைத்துக்கொண்டு, கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் நான்கையும் அதிலிருந்தே வளர்க்கிறோம். ஒரு புத்தகத்தைக் கொண்டு இதை விளக்குவது சுலபம்.

ஐலீன் பிறவுண் எழுதி, படமும் வரைந்த 'ஹண்டாஸ் சர்ப்ரைஸ்' 1994இல் வெளிவந்தது. கென்யாவின் லுவோ இனச் சிறுமி ஹண்டா, ஏழு பழங்களைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, அடுத்த ஊரிலுள்ள தோழி அக்கேயோவிடம் போகிறாள். வழியில் குரங்கு வாழைப்பழத்தையும், தீக்கோழி கொய்யாப்பழத்தையும், யானை மாம்பழத்தையும் எடுக்க, ஏழு விலங்குகள் கூடையை வெறுமையாக்கிவிடுகின்றன. கடைசியில் ஓர் ஆடு மரத்தில் மோதத் தோடம்பழ வகையொன்று பொலபொலவென்று விழுந்து கூடையை நிரப்புகிறது. ஹண்டாவுக்கு எதுவுமே தெரியாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. களவு நடப்பது படத்தில் மட்டுமே. எந்தப் பழம் தோழிக்குப் பிடிக்கும் என்ற ஹண்டாவின் யோசனையைத்தான் எழுத்து சொல்கிறது. எனவே ஐந்து வயதுப் பிள்ளையால் வாய்மூடி இருக்க முடியாது. 'பின்னால் பார்!' என்று கத்தியே தீரும். அந்தக் கத்தலில்தான் மொழி தொடங்குகிறது.

முதல் நாள் உண்மையான பழங்களைத் தொட்டு, மணந்து, சுவைத்துப் பெயரடைகளைச் சேர்ப்போம். பிறகு கதையைப் படங்களாலான வரைபடமாக்கிச் சைகைகளோடு மனப்பாடமாகச் சொல்வோம். பை கோர்பெட் இங்கிலாந்துப் பாடசாலைகளில் பரப்பிய முறை இது. ஏழிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிப்பது கணிதம். கென்யாவைத் தேடுவது புவியியல். அக்கேயோ எழுதும் நன்றிக் கடிதம் எழுத்துப் பயிற்சி. இறுதியில் பிள்ளைகள் தம் சொந்தக் கூடையோடு கதையை மாற்றி எழுதுவார்கள்.

ஒரு வருடம், புரட்டாதியில் சேர்ந்து மூன்று மாதமாக வாய் திறவாத தமிழ்ச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பழங்களை மணந்துகொண்டு வந்தவள் மெதுவாகச் சொன்னாள், "கொய்யாப்பழம்." வகுப்பில் அது விளங்கியது எனக்கு மட்டும்தான்! அன்று மாலை புத்தகத்தைக் கொடுத்து, அம்மம்மாவிடம் தமிழில் கதை கேட்டுவரச் சொன்னேன். தகப்பனாருக்கு மனமில்லை. "நாங்கள் இனி வீட்டிலை இங்கிலீசுதான் கதைக்கிறதெண்டு முடிவெடுத்திட்டம், ரீச்சர்."

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே பெற்றோருக்கு அந்த ஆலோசனையைச் சொன்னவள். என் மூத்த மகனையும் அப்படித்தான் வளர்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மம்மாவோடு "சுகமா?" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வராது, தொலைபேசியை என்னிடம் நீட்டிவிடுவான். கனடாவின் ஜிம் கமின்ஸ் இருமொழிப் பிள்ளைகள் பற்றி எழுதியவற்றைப் பின்னர்தான் படித்தேன். விளையாட்டுத் திடலின் ஆங்கிலம் இரண்டு ஆண்டளவில் வந்துவிடும், பாடங்களுக்குரிய ஆங்கிலத்தில் சக மாணவரோடு ஈடுகட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும் என்கிறார். இரு மொழிகளுக்கும் அடியில் சிந்தனை ஒன்றே என்பதும் அவர் கருத்து. ஹண்டா ஏன் கவனிக்கவில்லை என்பதைத் தமிழில் விளங்கிய பிள்ளை, ஆங்கிலத்தில் அதை மறுபடி விளங்கவேண்டியதில்லை. சொற்களைத் தேடினால் போதும்.

எழுத்துக்கூட்டி வாசிப்பது தேவையில்லை என்று சொல்லவரவில்லை. 2006இல் ஜிம் ரோஸ் அறிக்கைக்குப் பின் இங்கிலாந்தில் 'பொனிக்ஸ்' முறை வலுப்பெற்றது. 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொண்ட வாசிப்புச் சோதனை நடக்கிறது. அதில் பாதி பொருளற்ற சொற்கள். நம் பிள்ளைகள் பலர் நன்றாகவே வாசிக்கிறார்கள், பெற்றோரும் மகிழ்கிறார்கள். ஆனால் ஆங்கிலச் சொல்வளம் இல்லாத பிள்ளைக்கு அந்த 40 சொற்களும் ஒரே மாதிரித்தானே? அடுத்த வகுப்புகளில் 'இந்தப் பாத்திரம் ஏன் இப்படிச் செய்தது?' என்ற கேள்வி வரும்போதுதான் தடுமாற்றம் வெளியே தெரியும்.

அம்மம்மா கதை சொல்லியிருந்தார். மறுநாள் சிறுமி புத்தகத்தில் யானையைச் சுட்டிக்காட்டி, ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: யானை பிழையான பழத்தை எடுக்குது. ஆசிரியைக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'அவகாடோ' என்று இங்கே சொல்லும் பழத்துக்கு ஈழத்தில் ஆனைக்கொய்யா என்று பெயர். கதையில் அதை எடுத்தது மான். யானைக்கு உரியதை மான் கொண்டுபோய்விட்டது என்பது அம்மம்மாவின் வழக்கு.

நான் விளக்கியதும் வகுப்பே சிரித்தது. அவளது வாக்கியத்தில் இறந்தகாலம் பிழை. அதையே பலகையில் எழுதி, வினைச்சொல்லைத் திருத்தி, அன்றைய இலக்கணப் பாடத்தை நடத்தினோம். வார இறுதியில் அவள் எழுதிய கதையில் கூடை அம்மம்மாவினுடையது, ஊர் ஹரோ, கள்ளன் எங்கள் தெருநரி. ஆனைக்கொய்யா மட்டும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. லண்டனில் யானை இல்லையாம்.